“அந்தப் பிள்ளைகளும்தானே பணம் கொடுத்தார்கள்?”: நாஞ்சிங் சாலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

இந்தியர்களுக்கான சீனச் சுற்றுலா விசா மீண்டும் தொடங்கிய பிறகு, நான் ஷாங்காய்க்கு அழைத்துச் சென்ற குழுக்களில், தேநீர் குடிக்க அழைத்துப் போய்ப் பணம் கறக்கும் ஒரே ஏமாற்று, ஒரே சாலையில், ஏறக்குறைய ஒரே சொற்களோடு மூன்றாவது முறையாக நடந்திருக்கிறது. சென்னையில் நடக்கும் முன்கூட்டத்திலும் சொல்கிறேன், பேருந்தை விட்டு இறங்குவதற்கு முன் ஒலிபெருக்கியிலும் சொல்கிறேன். எல்லோரும் தலையசைக்கிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வருகிறவர்களில் ஒருவர் முகம் வாடியிருக்கிறது. வாயால் சொல்வது போதவில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

நாஞ்சிங் சாலை, ஹுவாங்பு ஆற்றங்கரையான பண்டில் தொடங்கி மேற்கே ஜிங்கான் கோயில் வரை ஐந்தரைக் கிலோமீட்டர் அளவுக்கு நீளும் கடைத்தெரு. அதில் ஹெனான் சாலைக்கும் ஷிஸாங் சாலைக்கும் இடைப்பட்ட ஒரு கிலோமீட்டர் 1999 முதல் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டு, 2020இல் ஆற்றங்கரை வரைக்கும் நீட்டிக்கப்பட்டது. 1917 முதல் 1936 வரை அடுத்தடுத்து எழுந்த நான்கு பெரிய பல்பொருள் அங்காடிகளால் பெயர் பெற்ற தெரு அது. அவற்றுள் கடைசியாக வந்து, சீனாவுக்கு நகரும் படிக்கட்டை அறிமுகப்படுத்திய கட்டடம்தான் இன்றைய முதலாம் எண் பல்பொருள் அங்காடி. அதன் வாசலைத்தான் என் குழுவினர் திரும்பி வந்து கூடும் இடமாக எப்போதும் குறிப்பிடுவேன். மக்கள் சதுக்கத்தை ஒட்டிய அதே முனைதான் இந்த வலைவீசிகளுக்கும் பிடித்தமான இடம் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

சென்ற பயணத்தில் சிக்கியவர்கள், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரும் அவருடைய மனைவியும். இரண்டு இளம்பெண்கள் தங்களைப் படம் எடுத்துத் தரும்படி கைப்பேசியை நீட்டியிருக்கிறார்கள். படம் எடுத்ததும், “எந்த ஊர்? இந்தியாவா? ஆமிர் கான்!” என்று உற்சாகம் பொங்கியிருக்கிறது. தாங்கள் ஷியான் நகரத்து மாணவிகள் என்றும், விடுமுறைக்கு வந்திருப்பதாகவும், பாரம்பரியத் தேநீர்ச் சடங்கு ஒன்றைப் பார்க்கப் போவதாகவும் சொல்லி, நீங்களும் வாருங்களேன் என்று அழைத்திருக்கிறார்கள். பக்கத்துச் சந்தில், மாடியில், சிறிய அறை. இவர்கள் சைவ உணவுக்காரர்கள். மூன்று நாளாகத் தட்டில் என்ன வருமோ என்று பயந்துகொண்டிருந்தவர்களுக்குத் தேநீர் என்றதும் மனம் இளகிவிட்டது. தேநீர்தானே, அதில் என்ன இருக்கிறது, எவ்வளவுதான் ஆகிவிடும்?

எவ்வளவு ஆகும் என்பதைக் கணக்காகவே தருகிறேன். பட்டியலில் 58 யுவான் என்று இருந்ததை அவர்கள் முழுச் சடங்குக்கும் ஆன கட்டணம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது ஒருவர் ஒரு வகைத் தேநீரைச் சுவைப்பதற்கான விலை. நான்கு பேர், ஆறு வகை: 1,392 யுவான். அறை வாடகை 300. அதன் மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம். மொத்தம் 1,861 யுவான், அதில் பாதி இவர்களுடையது. அந்தக் கனிவில் வாங்கிய இரண்டு தேயிலைப் பெட்டிகள் 960 யுவான். ஆக, இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். (தேயிலைக் கடையில் எழுதியிருக்கும் விலை ஜின்னுக்கா லியாங்குக்கா என்று எப்போதும் கேளுங்கள். ஜின் என்பது 500 கிராம், லியாங் என்பது 50 கிராம்.)

பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். என்னைப் பொறுமை இழக்க வைப்பது அதற்குப் பிறகு அந்த அம்மா சொன்ன சொல். “அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி, பாவம், அந்தப் பிள்ளைங்களும்தானே பாதிப் பணம் கொடுத்தாங்க.” இதற்கு முன் சிக்கிய இருவரும் இதையேதான் சொன்னார்கள். ஆகவே இதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளைகள் பணம் கொடுக்கவில்லை. உங்கள் கண்ணெதிரே எண்ணி வைத்தார்கள். நீங்கள் படியிறங்கியதும் அது அவர்கள் கைக்கே திரும்பிவிடும், உங்கள் பணத்திலிருந்து பங்கும் சேர்ந்து வரும். பில்லைப் பார்த்து அவர்கள் முகம் சுருங்கியதும், ஒருத்தி மற்றவளிடம் கடன் கேட்டதும், “பரவாயில்லை, அனுபவம்தானே” என்று உங்களைத் தேற்றியதும் எல்லாம் அந்த வேலையின் பகுதிதான். அவர்கள் பாதியைத் தராமல் இருந்திருந்தால் நீங்கள் அங்கேயே சத்தம் போட்டிருப்பீர்கள். அவர்கள் தந்ததால், நீங்களும் அவர்களும் சேர்ந்து ஏமாந்ததாக நினைத்துக்கொண்டு, கூச்சத்தோடு அட்டையை நீட்டினீர்கள், காவல்துறையிடமும் போகவில்லை. அந்தப் பாதிப் பணம் உங்கள் வாயை அடைப்பதற்காக வைக்கப்படுவது. ஒரே நாளில் அதே இரண்டு பேர் அதே அறைக்கு மறுபடியும் ஒரு தம்பதியை அழைத்துச் செல்வார்கள் என்பதை நம்ப மறுக்கிறவர்களிடம் எனக்கு வாதிட வலுவில்லை.

இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். சீனாவில் முன்பின் தெரியாதவர்கள் எல்லோரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. சேலை கட்டிய பெண்ணைப் பார்த்து ஆசையோடு படம் எடுத்துக்கொள்ள வருகிற குடும்பங்களை, வழி கேட்டால் உடன் நடந்து வந்தே காட்டுகிற முதியவர்களை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அவர்கள் படம் எடுப்பார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள். உங்களை ஓர் இடத்துக்கு அழைக்க மாட்டார்கள். இடத்தைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதுதான் கேள்வி. ஐயம் இருந்தால், “அங்கே வேண்டாம், எதிரே தெரிகிற இந்தக் கடையில் குடிக்கலாம், நான் வாங்கித் தருகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். ஏமாற்றுக்காரர்களுக்கு அந்த நொடியே வேறு வேலை நினைவுக்கு வந்துவிடும். தேநீருக்குப் பதிலாக மாணவர் ஓவியக் கண்காட்சி என்று அழைத்தாலும் இதே விதிதான். கைக்கடிகாரம், கைப்பை என்று படங்கள் அச்சிட்ட அட்டையோடு பின்தொடர்பவர்களிடம் நின்று பேசவே வேண்டாம். “பூ யாவ்” (வேண்டாம்) என்று ஒரே முறை சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

வெளியே கிளம்பும்போது ஹோட்டலின் சீன முகவரி அச்சிட்ட அட்டையைக் கையில் வையுங்கள். கடவுச்சீட்டை உடன் வைத்திருப்பது அங்கே வெளிநாட்டவருக்குச் சட்டப்படி கட்டாயம். பெட்டிக்குள் பூட்டிவிட்டு வராதீர்கள். ஹோட்டல் வைஃபையில் கூகுளும் வாட்ஸ்அப்பும் இயங்கமாட்டா. மொழிபெயர்ப்புச் செயலியைச் சென்னையிலேயே இணையமின்றி இயங்கும்படி இறக்கிக்கொள்ளுங்கள். அலிபே என்னும் பணம் செலுத்தும் செயலியில் உங்கள் வங்கி அட்டையை இணைத்திருந்தால் தொகையை நீங்களே பார்த்து அழுத்துங்கள், கைப்பேசியை யாரிடமும் கொடுக்காதீர்கள். உட்காருவதற்கு முன், மொத்தம் எவ்வளவு என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் உட்காராதீர்கள். இதில் நாகரிகக் குறைவு எதுவும் இல்லை.

சிக்கிவிட்டால், கதவருகே யாராவது நின்றால், மோத வேண்டாம். பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, பெயர்ப்பலகையையும் படிக்கட்டையும் படமெடுத்துக்கொண்டு, தெருவிலிருந்தே காவல்துறை எண்ணான 110ஐ அழையுங்கள். ‘ஃபாபியாவ்’ என்னும் அரசு ரசீதைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் பில்லை விடாதீர்கள். காவலர் ஒருவர் உடன் வந்து படியேறியதும் பணத்தின் பெரும்பகுதி திரும்பி வந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். வங்கியிடம் பிறகு முறையிடலாம் என்று காத்திருக்காதீர்கள். ரகசிய எண்ணை அழுத்தியது நீங்களே என்பதால் அங்கே உங்கள் தரப்பு பலவீனமானது.

அந்தத் தம்பதி என்னிடம் சொன்னது மறுநாள் மாலை, புதோங் விமான நிலையத்தில், குடிவரவு வரிசையில் நிற்கும்போது. பிள்ளைகள் திட்டுவார்கள் என்று பயந்து இரவெல்லாம் தூங்காமல் இருந்திருக்கிறார்கள். அந்த இரவே அறைத் தொலைபேசியை எடுத்திருந்தால், பத்து நிமிட டாக்சிப் பயணத்தில் அந்தச் சந்துக்குப் போயிருப்போம். தயவுசெய்து நள்ளிரவானாலும் என் கதவைத் தட்டுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.