40 நாட்டுக்கோழிக் குஞ்சு, பாதி மானியம்: பணம் கட்டும் முன் படியுங்கள்

எங்கள் தெருவில் கணவரை இழந்த ஒரு அக்கா, கோழிக்கு மானியம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வேனில் வந்த வியாபாரியிடம் 40 குஞ்சு வாங்கிவிட்டார். கையில் ரசீது இல்லை, பயனாளிப் பட்டியலில் பெயரும் இல்லை. நாலு நடை நடந்தும் ஒரு ரூபாய் வரவில்லை. இன்னொருவருக்கு இப்படி ஆகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறையின் திட்டம் இது. விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்ற பெண்கள் ஆகியோருக்கு நான்கு வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள். 2024-25 அறிவிப்பில் விலை 3,200 ரூபாய், அதில் பாதி மானியம். ஒன்றியத்துக்கு 100 பேர்.

மானியம் முன்பணம் இல்லை. முழு 3,200 ரூபாயையும் நீங்கள் போட்டு வாங்கி, ரசீதைக் கொடுத்த பிறகுதான் 1,600 திரும்ப வரும். கையில் காசில்லாத பெண்களுக்கான திட்டத்தில் முதலில் காசு கேட்பது என்ன நியாயமோ தெரியவில்லை. இதற்காக வட்டிக்கு வாங்காதீர்கள். மானியம் எப்போது வரும் என்று நம்பி வட்டி கட்ட முடியாது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் ஊருக்குப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் விண்ணப்பம். பட்டியலில் பெயர் வந்தபின், எங்கே வாங்கலாம் என்று டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்க வேண்டும். மகன் பெயரிலோ கொழுந்தன் பெயரிலோ போட விடாதீர்கள்.

இரண்டு காரணம் சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளிவிடுகிறார்கள். முன்பு விலையில்லாக் கறவை மாடு, ஆடு, கோழி எது வாங்கியிருந்தாலும் இதில் இடமில்லை. அடுத்தது சான்றிதழ். கணவரின் இறப்புச் சான்று மட்டும் போதும் என்று போனவர்களை, ஆதரவற்ற விதவைச் சான்று கொண்டு வா என்று திருப்பி அனுப்புகிறார்கள். அது கிடைப்பதற்குள் கடைசித் தேதி போய்விடுகிறது. அறிவிப்பு வந்தால் அவகாசம் சில நாள்தான். அதனால் அந்தச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விசாரித்து எழுதிப் போடுங்கள். மனு கொடுத்தால் கையோடு ஒப்புகை கேளுங்கள். "அப்புறம் வாம்மா" என்றால், எந்தக் காகிதம் குறைகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

250 கோழிப் பண்ணைக்கு வேறு திட்டம் இருக்கிறது. அதற்கு 625 சதுர அடி இடம் காட்ட வேண்டும். அந்த நிபந்தனையை உங்களிடம் யாராவது சொன்னால், அது வேறு திட்டத்துக்கானது என்று சொல்லுங்கள்.

சரி, குஞ்சு வந்துவிட்டது. வீட்டில் ஏற்கெனவே முட்டையிடும் கோழிகள் இருந்தால் உடனே ஒன்றாக விடாதீர்கள். இரண்டு வாரமாவது தனிக் கூண்டில் வைத்துப் பாருங்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் பழையது, புதியது எல்லாம் போகும். அதற்கு எட்டு வார வயதில் போடும் தடுப்பூசியை மருந்தகத்தில் கேட்டுப் போடுங்கள். பிப்ரவரியில் நடக்கும் இருவார முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். முதல் முட்டைக்கு ஐந்தாறு மாதம் ஆகும். அதுவரை தீவனச் செலவு உங்களுடையது, அதையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.