நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்களா? முதலில் டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்

"அண்ணே, நாலு இன்ஜெக்டரும் போயிடுச்சுன்னு சொல்றாங்க, எவ்வளவு ஆகும்?" டீசல் கார் வைத்திருப்பவர்கள் போனில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். விலையைச் சொல்லும் முன் நான் திருப்பிக் கேட்பேன்: டீசல் ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? "சர்வீஸ்ல மாத்தியிருப்பாங்களே" என்பார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால் ஆயில் ஃபில்டர் இருக்கும், ஏர் ஃபில்டர் இருக்கும். டீசல் ஃபில்டர் இருக்காது.

எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டர் தானாகக் கெடுவது குறைவு. அதற்குள் என்ன போகிறதோ அதுதான் கெடுக்கிறது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து (அதுதான் ரெயில்) டீசல் போகும் காமன் ரெயில் வண்டிகளில் அது 1,600 பார் அழுத்தத்தில் வரும். புதிய எஞ்சின்கள் சிலவற்றில் 2,000 பாரைத் தாண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் 32 பிஎஸ்ஐ காற்று வெறும் 2.2 பார்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இத்தனை அழுத்தத்தில் திறந்து மூடும் ஊசிக்கும் அதன் உறைக்கும் நடுவே இருப்பது சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு) இடைவெளி. அங்கே வழவழப்புக்குத் தனி ஆயில் கிடையாது, டீசலேதான் ஆயில்.

ஆகவே தண்ணீர்தான் முதல் எதிரி. பங்க் தொட்டியில் மழைக்காலத்தில் இறங்கும் நீர், பாதி காலியான டேங்கில் இரவில் பூக்கும் ஈரம், கேனில் வாங்கி வைத்த டீசல் என்று எந்த வழியாகவும் வரலாம். தண்ணீர் போன இடத்தில் வழவழப்பு போய்விடும், ஊசியில் துரு பிடிக்கும், அது உட்காரும் சீட்டில் கீறல் விழும். பல வண்டிகளில் ஃபில்டரின் அடியிலேயே தண்ணீரைப் பிரிக்கும் கிண்ணமும் வடிகால் திருகும் இருக்கின்றன. திருகைத் தளர்த்தி வடித்துவிட ஐந்து நிமிடம்கூட ஆகாது. டேஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தபின் "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டுவதுதான் பெரிய செலவாக முடிகிறது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு எஞ்சின் ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் மாற்ற எல்லோருக்கும் தோன்றியது. எரிபொருள் டேங்கை இறக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது சிலருக்குத்தான்.

விலை குறைந்த போலி ஃபில்டர் இன்னொரு வினை. வெளியே பெட்டி அச்சு அசலாக இருக்கும், உள்ளே தாள் மெல்லியதாக இருக்கும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்து ஆயிரங்களைத் தொலைப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

டீசல் வண்டியில் பெட்ரோல் போட்டுவிட்டார்களா? சாவியைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் செய்யாவிட்டாலும், இக்னிஷன் ஆன் ஆனாலே பல வண்டிகளில் டேங்க் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். பெட்ரோலில் டீசல் அளவுக்கு வழவழப்பு இல்லை. ஹை பிரஷர் பம்ப் தேய்ந்து, அதன் இரும்புத்தூள் ரெயில் வழியாக ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும். அதற்குப் பிறகு இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே தூளில் சாகும். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, டேங்கை அங்கேயே வடிக்கச் சொல்லுங்கள். மண்ணெண்ணெய்க் கலப்படமும் இதே வேலையைத்தான் செய்கிறது, மெதுவாக.

பெட்ரோல் காரில் கதை கொஞ்சம் வேறு. சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் உள்ள சாதாரண எம்பிஎஃப்ஐ வண்டியில் அழுத்தம் 3, 4 பார்தான். அங்கே தொல்லை நுனியில் படியும் பிசின். எஞ்சினை அணைத்தபின் சூட்டில் நுனியில் நிற்கும் பெட்ரோல் காய்ந்து படிகிறது. காய்கறி வாங்க இரண்டு கிலோமீட்டர், கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் என்றே ஓடும் வண்டிகளில் இது அதிகம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுடன் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்பதும் நல்லதல்ல. 2023 ஏப்ரலுக்கு முன் வாங்கிய வண்டியென்றால் உங்கள் மாடல் இ20க்கு ஏற்றதா என்று கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுப்பது, ஐட்லிங்கில் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் எஞ்சின் திக்கி ஓடுவது), கறும்புகை, மைலேஜ் குறைவு, இவையெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாத ஒன்று: எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறுவது. குறைய வேண்டியது கூடினால், ஒழுகும் இன்ஜெக்டரிலிருந்து டீசல் ஆயிலில் கலக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அப்படியே ஓட்டினால் பிஸ்டனும் பேரிங்கும் போகும்.

மெக்கானிக் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பழைய வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே பைப் நட்டைத் தளர்த்தி மிஸ்ஸிங் சிலிண்டரைக் கண்டுபிடிப்போம். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய புள்ளிபோலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தாமதித்தால் விரலையே எடுக்க நேரலாம்.

சரி, உண்மையிலேயே இன்ஜெக்டர்தான் பழுது என்று எப்படித் தெரியும்? ரிட்டர்ன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிக் குப்பியில் விட்டு எஞ்சினை ஓட்டினால், எது அளவுக்கு மீறித் திருப்பி விடுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பல நேரம் நாலில் ஒன்றுதான் மாட்டும். சில நேரம் அதுவும் இல்லை, அடியில் உள்ள காப்பர் வாஷர் கசிந்து சுற்றிலும் கரி கட்டியிருக்கும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், புதியதன் தலையில் பொறித்துள்ள எண்ணை ஸ்கேனர் வைத்து ஈசியூவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) ஏற்றினார்களா என்று கேளுங்கள்; இந்தக் கோடிங் தேவைப்படும் வண்டியில் அதைச் செய்யாவிட்டால் புது இன்ஜெக்டரும் தட்டும். பழையதைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.