வன்னி வளவில் வெங்காயம் ஏன் அழுகுகிறது?

"மிஸ், தாள் எல்லாம் பச்சைப் பசேலெண்டு வந்தது. இப்ப பிடுங்கிப் பாத்தா கீழ வெங்காயமே இல்லை, கூழ்தான்."

மார்கழிக் கடைசியில் இப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வராத வருடம் எனக்குக் கிடையாது. இலங்கையின் வடக்கே, வன்னியில் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்பவள் நான். கத்தரி, பயிற்றை, மிளகாய் என்று எதை நட்டாலும் கறிக்கு ஏதோ பறித்துவிடும் எங்கள் சனம், சின்ன வெங்காயத்தில் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்கிறது. 2022 இல் சாமான் விலை ஏறி, வளவில் ஒரு துண்டு நிலமும் சும்மா கிடக்கக்கூடாது என்று எல்லோரும் மண்வெட்டி தூக்கிய காலத்தில் இதை நிறையவே பார்த்தேன். கேட்டால் நோய் என்பார்கள், விதை சரியில்லை என்பார்கள், கண்ணூறு என்று சொன்னவர்களும் உண்டு. நான் குனிந்து பார்த்த பாத்திகளில் பெரும்பாலும் காரணம் வேறு. யாழ்ப்பாணத்து வெங்காயக் கணக்கை அப்படியே கொண்டுவந்து வன்னி மண்ணில் போட்டிருந்தார்கள்.

இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வன்னியில் பாதி வீடுகளின் வேர் குடாநாட்டில்தான் இருக்கிறது. விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர் திட்டத்தில் காணி எடுத்து வந்தவர்கள், பிறகு இடம்பெயர்ந்து வந்தவர்கள் என்று எல்லோரும் தோட்டப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். விசுவமடுவில் ஒரு ஐயா, எழுபதைத் தாண்டியவர், தான் கட்டிய பாத்தியை எனக்குக் காட்டினார். நூல் பிடித்தது போல வரம்பு, நடுவில் தாழ்ந்த பாத்தி, வாய்க்காலில் தண்ணீர் வந்து நிரம்பி நிற்கிறது. "எங்கட அப்பர் இப்பிடித்தான் பிள்ளை கட்டினவர். நாங்கள் வெங்காயத்தில படிச்ச ஆக்கள்" என்றார். உண்மைதான். 1970 களில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது மிளகாயும் வெங்காயமும் எத்தனை குடும்பங்களுக்குக் கல்வீடு கட்டிக்கொடுத்தன என்பதை அந்தத் தலைமுறை மறக்காது.

ஆனால் அப்பர் நட்டது செம்மண்ணில். அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். காலையில் இறைத்த தண்ணீர் மத்தியானத்துக்குள் உள்ளே போய்விடும். அந்த மண்ணில் தாழ்ந்த பாத்தி கட்டாவிட்டால்தான் பிழை. இங்கே வன்னியில் பெரும்பகுதி செங்கபில மண். காய்ந்தால் மண்வெட்டி தெறிக்கும், நனைந்தால் காலில் அப்பும். மேல்மண் நன்றாகத்தான் இருக்கும். ஓரடி, ஒன்றரையடி கீழே களி கலந்த சரளை தண்ணீரை மறித்துவைக்கும். முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் இதைவிட மோசம். முல்லைத்தீவுக் கரையோர மணலில் கதை தலைகீழ், அங்கே தண்ணீர் நிற்கவே நிற்காது. ஆகவே வன்னி மண் என்று ஒரே மண் கிடையாது. உங்கள் வளவில் ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாருங்கள். வற்றியிருந்தால் சரி. மத்தியானச் சமையல் முடிந்தும் தண்ணீர் நின்றால், அங்கே முக்கால் அடி உயர்த்திய மேடைப் பாத்தி கட்டாமல் வெங்காயத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வெங்காய வேரில் பெரும்பங்கு மேலே உள்ள ஓரடிக்குள்தான் இருக்கும். அந்த ஓரடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத் திணறும், அதன்பின் அழுகல் தானாக வரும்.

நாள் பார்ப்பதில் நானும் ஏமாந்தவள்தான். 2018 இல் ஐப்பசி மழை கொஞ்சம் தவணை விட்டதை நம்பி, கார்த்திகையிலேயே என் குவாட்டர்ஸ் பின்பக்கம் நட்டுவிட்டேன். மார்கழி (டிசம்பர்) 21 இரவு கொட்டிய மழையில் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் எல்லாம் திறபட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றது ஊருக்கே தெரியும். சனம் வீடு வாசல் இழந்து நின்ற நேரத்தில் என் வெங்காயத்துக்காக அழ முடியாது. ஆனால் பாடம் கிடைத்தது. எங்களுக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைதான் விழுகிறது. மழை முற்றாக ஓய்ந்து, பொங்கலுக்குப் பிறகு நடுங்கள். சின்ன வெங்காயத்துக்கு 65, 70 நாள் போதும். தை நடுவில் நட்டால் பங்குனிக் கடைசியில், வெயில் ஏறிய நேரத்தில், காய்ந்த மண்ணிலிருந்து பிடுங்கலாம்.

அடுத்தது விதை. கடையில் வாங்கிய பெரிய வெங்காயத்தை, அதாவது பம்பாய் வெங்காயத்தை, வெட்டி நட்டால் ஒன்றுக்குப் பத்து வரும் என்று யூடியூப்பில் யாரோ காட்டுகிறார்கள். வராது. பெரிய வெங்காயம் விதையிலிருந்து வந்தால்தான் ஒற்றைக் குமிழாகப் பருக்கும். குமிழை நட்டால் அது பிரிந்து நாலைந்து முளை விட்டுத் தாள் தரும். வெங்காயத்தாள் வறைக்கு ஆசைப்பட்டால் தாராளமாக நடுங்கள், நானும் குசினி வாசலில் அப்படி இரண்டு சாடி வைத்திருக்கிறேன். வெங்காயம் வேண்டுமென்றால் சின்ன வெங்காயத்துக்கு வாருங்கள்.

அதிலும் புதிதாகப் பிடுங்கிய குமிழை உடனே நட்டால் பாதி முளைக்காமல் மண்ணுக்குள் உறங்கி அழுகும். பிடுங்கி ஏறத்தாழ இரண்டு மாதம் கிடந்து உறக்கம் கலைந்த, உள்ளே பச்சை முளை தெரியும் குமிழ்தான் விதை வெங்காயம். ஒன்றை நெடுக வெட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். உறக்கம் கலையாததை முளைக்கப் பண்ணத் தலையை வெட்டி நடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈர மண்ணில் அந்த வெட்டுக்காயம் அழுகலுக்குத் திறந்துவிட்ட படலை. கழுத்து மெத்தென்று இருப்பதையும் கரும்பூஞ்சணம் பிடித்ததையும் கறிக்கு ஒதுக்கிவிடுங்கள். விலை கொடுத்து வாங்கியது என்பதற்காக மண்ணுக்குள் போட்டால் அந்தப் பூஞ்சணம் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும்.

மூன்றடி அகலம், பத்தடி நீளம். ஒரு வீட்டுக்கு இப்படி ஒரு பாத்தி போதும். நாலு அங்குலத்துக்கு ஒன்றாக நட்டால் 270 குமிழ் பிடிக்கும். உருளைக்கிழங்கு போலப் புதைக்காதீர்கள்; குமிழின் மூக்கு வெளியே தெரிய வேண்டும். உக்கிய மாட்டெருவையோ கூட்டெருவையோ நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே மண்ணோடு கலந்துவிடுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், அதோடு புழுவும் களை விதையும் சேர்ந்து வரும். கோரைதான் எங்கள் ஊரின் பெரிய எதிரி. வெங்காயத்தாள் நிமிர்ந்து நிற்பதால் நிழல் விழாது, களைக்குக் கொண்டாட்டம். முதல் ஆறு கிழமை கையால் பிடுங்குங்கள், மண்வெட்டி போட்டால் வேர் போய்விடும்.

யூரியாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து சில மாதங்களில் நீங்கியது. அதன்பின் கையில் யூரியா கிடைத்தவர்கள் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிப்பது போலப் போட்டார்கள். தாள் முழங்கால் உயரம் வந்தது, கழுத்து விரல் மொத்தம் ஆனது. கழுத்து மொத்தித்தால் அது சரியாகக் காயாது, கட்டித் தூக்கினாலும் ஒரு மாதம் நிற்காது. நட்டு ஐந்து கிழமைக்குப் பிறகு யூரியாப் பக்கமே போகாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் அன்புதான் ஆபத்து. பரந்தன் பக்கம் ஒரு தங்கச்சி, பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பது போல ஒவ்வொரு பின்னேரமும் பைப் பிடித்துத் தாளுக்கு மேலே அடித்துக்கொண்டிருந்தா. தை, மாசியில் எங்களுக்குப் பனி. இரவு முழுக்கத் தாள் நனைந்திருந்தால் ஊதாப் புள்ளி விழுந்து, புள்ளி நீண்டு, தாள் அந்த இடத்தில் முறிந்து விழும். தண்ணீரைக் காலையில், அடியில் விடுங்கள். செங்கபில மண்ணுக்கு மூன்று நாலு நாளுக்கு ஒருதரம் போதும். கடற்கரை மணலுக்குத் தினமும் கொஞ்சம் வேண்டும். பூநகரிப் பக்கம் இருப்பவர்கள் முதலில் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். உப்புத் தட்டினால் வெங்காயம் வேண்டாம், அது உவர் தாங்காத பயிர். தாள் நுனி கருகத் தொடங்கியதும் மருந்துக் கடைக்கு ஓடுவதில் பயனில்லை.

மருந்து என்றதும் எனக்குக் கோபம் வரும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெயில் ஏற ஏறப் பனிப்பூச்சி (த்ரிப்ஸ்) வரும். தாளில் வெள்ளிக் கீறல் போலத் தெரியும். பூச்சி தாளின் கக்கத்துக்குள், கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். உடனே வயலுக்கு அடித்த மிச்ச மருந்தைப் போத்தல் மூடியால் அளந்து கலந்து, மூக்கை மூடாமல் அடித்துவிட்டு, அடுத்த நாள் அதே பாத்தியில் தாள் ஒடித்துச் சம்பல் போடுகிறார்கள். நெல்லுக்கு அடித்தால் அறுவடைக்கு நாள் இருக்கிறது. இங்கே நாளைக்கே பிள்ளையின் கோப்பையில் விழுகிறது. எந்தப் பயிருக்கு, எத்தனை மில்லிலீற்றர், அடித்து எத்தனை நாளுக்குப் பிறகு பறிக்கலாம் என்று லேபிளில் எழுதியிருக்கும். வெங்காயத்தின் பேர் அதில் இல்லாவிட்டால் அது வெங்காயத்துக்கு இல்லை. பத்தடிப் பாத்திக்குக் காலையில் தண்ணீரைக் கொஞ்சம் வேகமாகத் தாளின் கக்கத்தில் பீச்சினாலே பாதிப் பூச்சி விழுந்துவிடும். வெயிலில் தாளும் சீக்கிரம் காய்ந்துவிடும். தாளுக்குள் துளைத்து இருக்கும் பச்சைப் புழுவை, வெளுத்த தாளைக் கிள்ளிக் கையால் நசுக்கலாம். வீட்டுத்தோட்டத்துக்கு அதற்குமேல் மருந்து எனக்குத் தெரிந்து தேவைப்பட்டதில்லை.

பாதித் தாள் தானாகச் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். மிதித்துச் சாய்க்க வேண்டாம். ஒரு கிழமை, பத்து நாளில் பிடுங்கி, ஒன்றின் தாளால் மற்றதன் குமிழை மூடி இரண்டு நாள் பாத்தியிலேயே விடுங்கள். பிறகு பிடிபிடியாகக் கட்டி, காற்றோடும் நிழலில் தூக்கிவிடுங்கள். பொலித்தீன் பையில் போட்டுக் குசினி மூலையில் வைத்தால் மூன்று மாத வேலை மூன்று கிழமையில் நாறும்.

விதையைக் காப்பாற்றுவதில்தான் பலருக்குச் சங்கிலி அறுகிறது. பங்குனியில் பிடுங்கியது அடுத்த தை வரை நிற்காது, அதற்கு முன்பே முளைத்து வற்றிவிடும். அதனால் வைகாசிக் கடைசியில், சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது, வேலியோரம் மறைப்புள்ள இடத்தில் கால்வாசிப் பாத்தி மட்டும் விதைக்கென்று நட வேண்டும். ஆவணியில் பிடுங்கினால் அது பொங்கல் வரை தாங்கும். அந்தச் சோளகத்தில் பூச்சி அதிகம், தண்ணீரும் கூட வேண்டும், விளைச்சல் குறைவு. விதைதானே, பரவாயில்லை.

விசுவமடு ஐயா மூன்று வருடமாக மேடைப் பாத்திதான் கட்டுகிறார். வரம்பு மட்டும் இன்னும் நூல் பிடித்தது போல. போன கார்த்திகையில் அவரிடமிருந்து அழைப்பு. "பிள்ளை, தூக்கி வைச்ச பிடியில ரெண்டு மூண்டு முளை எட்டிப் பாக்குது. வானமும் வெளிச்சிருக்கு. நடட்டோ?"

"ஐயா, அந்த ரெண்டு மூண்டையும் சம்பலுக்கு எடுங்கோ. மிச்சம் பொங்கலுக்குப் பிறகு."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார். மூன்றாம் நாள் மழை பிடித்தது.