சுவருக்கு எந்தப் பக்கம் உங்கள் கை?

அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் முதல் வரிசையில் உட்காருகிறவர்கள் பலர் கையுறையோடுதான் வருவார்கள். ஸ்டாண்டுக்குள் விழுந்த பந்து பிடித்தவருக்கே சொந்தம், திருப்பித் தர வேண்டியதில்லை. சிக்கல் அந்த ஆசையில்தான் தொடங்குகிறது. பந்து தன்னை நோக்கி வந்தால் கை தானாக நீண்டுவிடும். சுவரைத் தாண்டிப் போய்விட்டதா என்று அந்த நொடியில் யாரும் பார்ப்பதில்லை. வார இறுதிகளில் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்பவன் என்ற முறையில், கை நீண்ட பிறகு எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

ரசிகர் பந்தைத் தொட்டாரா என்பது இரண்டாவது கேள்வி. எந்தப் பக்கம் தொட்டார் என்பதுதான் முதல் கேள்வி. மைதானத்தையும் ஸ்டாண்டையும் பிரிக்கும் சுவர் மேல் ஒரு கண்ணாடித் தடுப்பு நேராக எழும்பி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி மைதானத்துப் பக்கம் வந்த கை பந்தைத் தொட்டாலோ ஃபீல்டரை மறித்தாலோ அது குறுக்கீடு. ஸ்டாண்டுப் பக்கம் என்றால், எம்பிக் கையை விடும் ஃபீல்டர் தன் சொந்த ரிஸ்க்கில்தான் விடுகிறார். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் விசித்திரம். அங்கே பந்தோடு கயிற்றை மிதித்தாலே கேட்ச் போச்சு. இங்கே ரசிகரின் மடிவரை கையை விட்டுப் பிடித்தாலும் கேட்ச்தான், ஆனால் அந்த இடத்தில் ரசிகரும் பந்துக்குப் போட்டி போடலாம்.

2003 அக்டோபர் 14 அன்று சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் மைதானத்தில் நடந்தது இதுதான். கப்ஸ் அணி 3-0 என்று முன்னிலை. இன்னும் ஐந்து அவுட் எடுத்தால் இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குப் போய்விடும். ஃபுளோரிடா மார்லின்ஸின் லூயிஸ் காஸ்டியோ அடித்த ஃபவுல் பந்து (எல்லைக்கோட்டுக்கு வெளியே போனது, ஆனாலும் பிடித்தால் அவுட்) இடப்பக்கச் சுவரோரம் இறங்க, மொய்செஸ் அலூ எம்பினார். ஒரு ரசிகரின் கை பட்டுப் பந்து தவறிப்போனது. பந்து ஸ்டாண்டுப் பக்கம் வந்துவிட்டது என்று கணித்த அம்பயர் மைக் எவரிட், குறுக்கீடு இல்லை என்றார். அதே இன்னிங்ஸில் மார்லின்ஸ் 8 ரன் எடுத்து ஜெயித்தது. அந்த ரசிகரை ஊரே தூற்றியது. அம்பயரின் கணிப்புப்படி பார்த்தால் அவர் எந்த விதியையும் மீறவில்லை. சற்று நேரத்தில் கப்ஸின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) கோட்டைவிட்ட பந்தைப் பற்றி அதில் பாதிகூடப் பேச்சு இல்லை என்பது எனக்கு இன்றும் எரிச்சல்.

2018 அக்டோபர் 17, ஹூஸ்டனில் கதை தலைகீழ். ஆஸ்ட்ரோஸின் ஹோசே ஆல்டுவே வலது மூலைக்கு அடித்தார். பாஸ்டனின் மூக்கி பெட்ஸ் சுவரோரம் எம்பினார். ரசிகர்களின் கைகள் அவர் கையுறையில் மோதின. குறுக்கீடு, பேட்டர் அவுட் என்றார் அம்பயர் ஜோ வெஸ்ட். நியூயார்க்கில் இருக்கும் ரீப்ளே மையம் பார்த்தது. தேவையான ஒரு கேமராவைப் பாதுகாப்பு ஊழியர் ஒருவர் மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். மாற்றுமளவுக்குத் தெளிவான சான்று இல்லை என்பதால் களத் தீர்ப்பே நின்றது. பாஸ்டன் 8-6 என்று வென்றது. கை நீட்டியவர்கள் உள்ளூர் ரசிகர்கள். நஷ்டமும் அவர்கள் அணிக்குத்தான். யாருடைய ரசிகர் என்பது விதிக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

சரி, குறுக்கீடுதான் என்று முடிவாகிவிட்டது. அப்புறம்? தொட்ட கணத்திலேயே டெட் பால், அதாவது ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். அம்பயர் கையைத் தூக்கி ‘டைம்’ சொல்லி, தலைக்கு மேல் ஒரு மணிக்கட்டை மறுகையால் பிடித்துக் காட்டுவார். கடினமான வேலை அதற்குப் பிறகுதான். அந்தக் கை நடுவில் வராதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தீர்மானிக்க வேண்டும். குறுக்கீட்டின் விளைவை இல்லாமல் ஆக்கு என்பதுதான் 6.01-ஆம் விதி எங்களுக்கு இடும் கட்டளை. ஃபீல்டர் பிடிக்க இருந்த பந்தைத் தெளிவாகக் கெடுத்திருந்தால் பேட்டர் அவுட். மூன்றாவது பேஸில், அதாவது ரன் எடுக்க இன்னும் ஒரே ஓட்டம் மிச்சமிருக்கும் இடத்தில், ரன்னர் இருந்து, பந்தும் வெகுதூரம் போயிருந்தால், அந்த அவுட்டோடு ரன்னருக்கு ரன்னும் கொடுக்கலாம். கேட்ச் பிடிபட்டிருந்தாலும் அவர் ஓடி வந்திருப்பார் அல்லவா?

பலரும் குழப்பிக்கொள்வது டபுள், அதாவது பேட்டருக்கு இரண்டு பேஸ் கிடைக்கும் விஷயத்தில். தரையில் குத்தி ஸ்டாண்டுக்குள் போன பந்துக்கு இரண்டு பேஸ் என்பது நிர்ணயம். ரசிகர் குறுக்கிட்ட பந்துக்கு அப்படி நிர்ணயம் எதுவும் இல்லை, அம்பயர் கணிப்பதுதான் கணக்கு. 2024 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், 2-2 என்றிருந்த ஒன்பதாவது இன்னிங்ஸில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் க்ளேபர் டோரஸ் அடித்த பந்தை ஒரு ரசிகர் சுவர் மேல் குனிந்து பிடித்தார். சுவரைத் தாண்டிய ஹோம் ரன் இல்லை, டபுள் என்றார்கள். ரீப்ளேயும் அதையே நிறுத்தியது. எதிரணியான டாட்ஜர்ஸ் பத்தாவது இன்னிங்ஸில் வென்றது.

ரீப்ளே இல்லாத 1996-இல் யாங்கீஸின் டெரெக் ஜீட்டர் அடித்த பந்தை 12 வயதுச் சிறுவன் சுவருக்கு மேலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டான். ஹோம் ரன் கொடுத்த அம்பயர் ரிச் கார்சியா, ஆட்டத்துக்குப் பின் வீடியோ பார்த்துவிட்டுக் குறுக்கீடு நடந்தது உண்மைதான் என்றார். ஆனால் ஃபீல்டர் அதைப் பிடித்திருக்க மாட்டார் என்பதில் உறுதியாக இருந்தார். குறுக்கீடு நடந்ததா, அது இல்லாவிட்டால் கேட்ச் பிடிபட்டிருக்குமா என்ற இரண்டு கேள்விகளும் தனித்தனி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நான் நிற்கும் மைதானங்களில் ஸ்டாண்டே கிடையாது. இடுப்பளவு கம்பி வேலி, அதன் பின்னால் மடக்கு நாற்காலிகள். எங்கள் தலைவலி கையுறை இல்லை, செல்போன். மகன் ஆடுவதைப் படமெடுக்க அப்பாக்கள் வேலிக்கு மேல் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். பந்து வருவதே திரையில்தான் தெரியும். ஆட்டம் தொடங்குமுன் ஒரு சுற்று போய் நகர்ந்து நிற்கச் சொல்லிவிடுவேன். வேலி இல்லாத பக்கம் கோடு எங்கே என்பதை இரண்டு கோச்சுகளிடமும் முன்பே பேசி முடிப்பேன். பந்து மேலே போனதும் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் அம்பயர் தொலைந்தார். வேலி பக்கவாட்டில் தெரிகிற கோணத்துக்கு ஓட வேண்டும். மேஜர் லீகிலேயே வழக்கமான ஆட்டத்துக்கு நான்கு அம்பயர்கள், பிளே ஆஃபில்தான் ஆறு பேர். எங்களுக்குப் பெரும்பாலும் இரண்டே பேர்.

ஃபீல்டரைப் பிடிப்பது மட்டும் எங்கேயும் ஆகாது. அதே 2024 தொடரின் நான்காவது ஆட்டத்தில் அதே டோரஸ் அடித்த ஃபவுல் பந்து, இப்போது டாட்ஜர்ஸுக்கு ஆடிய பெட்ஸின் கையுறைக்குள் விழுந்த பிறகு, ஒரு ரசிகர் கையுறையைப் பிரித்துப் பந்தைப் பிடுங்கினார். இன்னொருவர் பெட்ஸின் மறுகையைப் பிடித்துக்கொண்டார். அம்பயர் தயங்காமல் அவுட் கொடுத்தார். இருவரும் மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

களத்தில் இருக்க அனுமதி பெற்ற பந்து பொறுக்கும் பிள்ளைகள், புகைப்படக்காரர்கள் போன்றவர்களுக்கு விதி வேறு. விலகப் பார்த்தும் பந்து மேலே பட்டுவிட்டால் ஆட்டம் தொடரும். ஃபவுல் என்று நினைத்து, கோட்டுக்குள் இருக்கும் நல்ல பந்தைக் குனிந்து எடுத்துவிட்டால் அது வேண்டுமென்றே செய்ததுதான். மனதில் என்ன நினைத்தார்கள் என்று கேட்பதில்லை. டெட் பால், ரன்னர்களை எங்கே நிறுத்துவது என்று மறுபடியும் நாங்கள் கூடிப் பேச வேண்டியதுதான்.