பொதி யார் சொல்லை நம்பிப் போகிறது?

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் ஒருவர் கைபேசியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தைத் திறக்கும்போது, அவருடைய கோரிக்கையும் அதற்கான பதிலும் பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மேற்படாத சிறு பொதிகளாகவே பயணம் செய்கின்றன. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அனுப்புபவரின் ஐபி முகவரியும் பெறுபவரின் ஐபி முகவரியும் இருக்கும். எந்த வழியாகப் போக வேண்டும் என்பது மட்டும் இருக்காது. இடையிலுள்ள ரவுட்டர்களும் முழுப் பாதையையும் வகுத்துக் கொடுப்பதில்லை. தன்னோடு நேரடியாக இணைந்திருக்கும் அயல் ரவுட்டர்களில் எதனிடம் இதைக் கையளிப்பது என்று தீர்மானித்துக் கையளித்துவிட்டால் ஒரு ரவுட்டரின் பொறுப்பு முடிந்தது. அந்தத் தீர்மானத்துக்கு வேண்டிய தகவல் பெரும்பாலும் அயலவர் சொன்னதிலிருந்தே வருகிறது. ஆகவே, யார் சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது என்பதே இந்தத் துறையின் நடுக்கேள்வி என்று சொல்லலாம்.

வீட்டில் விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கும் பெட்டியையும் ரவுட்டர் என்றே அழைக்கிறோம். அது வைஃபை வழங்குகிறது, வீட்டுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்சாக இயங்குகிறது, முகவரிகளை மாற்றிக் கொடுக்கிறது. வழி தேடுவதில் மட்டும் அதற்கு அதிக வேலையில்லை. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் இருக்கின்றன, மீதி உலகம் முழுவதும் சேவை வழங்குநரின் பக்கம் இருக்கிறது என்ற இரண்டு விதிகள் அதற்குப் போதும்.

வழங்குநரின் மையத்தில் இருக்கும் ரவுட்டருக்கு அது போதாது. உலகின் முழு வழி அட்டவணையையும் வைத்திருக்கும் ஒரு ரவுட்டரில் இன்று பழைய ஐபிவி4 முகவரிகளுக்கு மட்டுமே 9 இலட்சத்துக்கும் அதிகமான பதிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவும் தனி முகவரியைக் குறிப்பதில்லை. முகவரிகளின் தொகுதியொன்றைக் குறிக்கிறது. ஐபிவி4 முகவரி 32 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) நீளமானது. 208.65.152.0/22 என்று எழுதினால், முதல் 22 பிட்டும் ஒன்றாக அமைந்த 1024 முகவரிகள் என்று பொருள். சாய்கோட்டுக்குப் பின் 24 என்று இருந்தால் தொகுதி 256 முகவரிகளாகச் சுருங்கிவிடும். ஒரே முகவரி இரண்டு தொகுதிகளுக்குள்ளும் அடங்குமானால், ரவுட்டர் எப்போதும் சிறிய தொகுதிக்குரிய பதிவையே தேர்ந்தெடுக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் கடிதத்துக்கு அங்குள்ள தபாலகத்தில் 'இலங்கை' என்ற சொல் போதுமாக இருக்க, இங்கு வந்தபின் 'கொழும்பு 6' என்பதும் அதன்பின் வீதியின் பெயரும் முக்கியமாவதைப் போன்றது இது. இந்த விதி இல்லையேல் உலகிலுள்ள சுமார் 429 கோடி முகவரிகளுக்கும் தனித்தனிப் பதிவு வேண்டியிருக்கும். ஆனால், குறிப்பாகச் சொல்பவனின் சொல்லே செல்லும் என்ற இந்த விதிக்கு ஓர் ஆபத்தான பக்கமும் உண்டு.

தேடுவதற்குக் கிடைக்கும் நேரமும் மிகக் குறைவு. 100 கிகாபிட் ஈதர்நெட் இணைப்பொன்று மிகச் சிறிய பொதிகளால் நிரம்பினால் செக்கனுக்குச் சுமார் 14.9 கோடி பொதிகள் வந்து சேரும், அதாவது ஒவ்வொன்றுக்கும் 7 நானோசெக்கன்கூடக் கிடையாது. பெரிய ரவுட்டர்களில் இதற்கென்றே தனிச் சில்லுகள் இருப்பதும், அவற்றின் நினைவகத்துக்கு ஓர் எல்லை இருப்பதும் இதனால்தான். 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக அட்டவணை 512,000 பதிவுகளைத் தாண்டியபோது, அந்த எண்ணிக்கைக்கு மேல் ஏற்க முடியாத பழைய ரவுட்டர்கள் பல தடுமாறி, சில இணையச் சேவைகளும் பாதிக்கப்பட்டன.

இந்த அட்டவணையை நிரப்புவது யார்? சிறிய அலுவலகமொன்றில் பொறியியலாளரே வழிகளைக் கையால் எழுதிவைக்கலாம். வலையமைப்பு வளர்ந்து இணைப்புகள் அறுவதும் மீள்வதும் வழக்கமாகிவிட்டால், ரவுட்டர்கள் தமக்குள் பேசித் தாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சுக்குரிய ஒழுங்குகளே வழித்தேர்வு நெறிமுறைகள்.

அவற்றுள் எளியது 1988இல் ஆவணப்படுத்தப்பட்ட ஆர்ஐபி. ஒவ்வொரு ரவுட்டரும் தான் அறிந்த வலையமைப்புகளையும், அவை எத்தனை தாவல் (ஒரு ரவுட்டரைக் கடக்கும் படி) தொலைவில் உள்ளன என்பதையும் 30 செக்கனுக்கு ஒருமுறை அயலவருக்கு அறிவிக்கும். கேட்பவர் அதனோடு ஒன்றைக் கூட்டித் தம் அட்டவணையில் குறித்துக்கொள்வார். காலி வீதியில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என வரிசையாக மூன்று ரவுட்டர்கள் இருப்பதாகக் கொள்வோம். கொள்ளுப்பிட்டியோடு இணைந்துள்ள ஒரு வலையமைப்பு, கொள்ளுப்பிட்டிக்கு 1 தாவலிலும் பம்பலப்பிட்டிக்கு 2 தாவலிலும் வெள்ளவத்தைக்கு 3 தாவலிலும் இருக்கிறது. கொள்ளுப்பிட்டிக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையிலான இணைப்பு அறுந்துவிடுகிறது. அந்தச் செய்தியைப் பம்பலப்பிட்டி சொல்வதற்கு முன்னரே, "எனக்கு 3 தாவலில் வழி இருக்கிறது" என்ற வழக்கமான அறிவிப்பு வெள்ளவத்தையிலிருந்து வருகிறது. அந்த வழியே தன்னூடாகத்தான் போகிறது என்பதை அறியாத பம்பலப்பிட்டி, அதை நம்பி 4 என்று குறித்துக்கொள்கிறது. அதைக் கேட்ட வெள்ளவத்தை 5 என்று திருத்துகிறது. பின்னர் 6, 7 என்று இல்லாத வழியின் நீளம் ஏறிக்கொண்டே போகிறது. இதற்கு முடிவு கட்டவே ஆர்ஐபியில் 16 என்பது முடிவிலி, அதாவது வழியே இல்லை, என வைக்கப்பட்டது. யாரிடம் கற்றாயோ அவரிடமே அதைத் திருப்பிச் சொல்லாதே என்ற விதியும் உண்டு. ஆனால் மூன்று ரவுட்டர்கள் வட்டமாக இணைந்திருந்தால் அதுவும் முழுக் காப்பாகாது.

இந்தக் குழப்பம் தீரும்வரை பொதிகள் இரு ரவுட்டர்களுக்கிடையே பந்தாடப்படும். அவை என்றென்றும் சுற்றாமலிருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் உள்ள ஆயுள் எண். ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூச்சியமானால் பொதியைக் கைவிட்டு, அனுப்பியவருக்கு அறிவிக்கும். வான் ஜேக்கப்சன் எழுதிய டிரேஸ்ரூட் என்ற கருவி இந்த அறிவிப்பை வேறொரு வேலைக்குப் பயன்படுத்துகிறது: ஆயுள் எண்ணை 1, 2, 3 என்று கூட்டி அனுப்பி, எந்தெந்த ரவுட்டர் கைவிட்டது என்பதிலிருந்து பாதையையே தெரிந்துகொள்கிறது.

அயலவரின் முடிவுகளை நம்புவதற்குப் பதிலாக, அவரவர் நேரில் கண்டதை மட்டும் சொல்லச் செய்து, முடிவைத் தாமே எடுப்பது இரண்டாவது முறை. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1979இல் இதற்கு மாறியது. இன்று நிறுவனங்களுக்குள் பரவலாக இயங்கும் ஓஎஸ்பிஎஃப் அந்த மரபில் வந்தது. இதில் ஒவ்வொரு ரவுட்டரும் தன்னுடைய சொந்த இணைப்புகளையும் அவற்றின் செலவையும் மட்டுமே அறிவிக்கும். அறிவிப்பு மாற்றமின்றி அந்தப் பகுதியிலுள்ள எல்லா ரவுட்டர்களுக்கும் பரவுவதால், எல்லாரிடமும் ஒரே வரைபடம் சேர்கிறது. அதன்மேல் ஒவ்வொன்றும் நெதர்லாந்துக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவின் குறுகிய வழி நெறிப்படி வழிகளைக் கணக்கிடுகிறது. ஆம்ஸ்டர்டாம் கோப்பிக் கடையொன்றில் 1956இல் சுமார் 20 நிமிடத்தில், தாளும் பேனாவும் இல்லாமல் அவர் உருவாக்கிய அந்த நெறி 1959இல் அச்சேறியது. செலவு பொதுவாக இணைப்பின் கொள்ளளவைப் பொறுத்தது என்பதால், மெதுவான ஒரு தாவலைவிட வேகமான இரண்டு தாவல்கள் மேலானவையாகக் கணிக்கப்படலாம். ஆர்ஐபியால் இது இயலாது. ஆனால் முழு வரைபடத்தையும் எல்லாரும் வைத்திருப்பது ஒரே நிர்வாகத்துக்குள்தான் சாத்தியம். உலகத்தையே அவ்வாறு வரைய முடியாது. போட்டி நிறுவனங்கள் தம் உள்ளமைப்பை ஒன்றுக்கொன்று காட்டவும் மாட்டா.

அங்குதான் நிறுவனங்களுக்கிடையிலான நெறிமுறையான பிஜிபி வருகிறது. 1989இல் கர்க் லோகீட், யாகோவ் ரெக்டர் ஆகிய இருவரும் மதிய உணவு மேசையில் காகிதக் கைக்குட்டைகளில் இதன் முதல் வடிவைக் கீறினார்கள். இதன் பார்வையில் உலகம் எண்ணிடப்பட்ட தன்னாட்சி அமைப்புகளின் (ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள வலையமைப்புகளின்) தொகுப்பு: ஸ்ரீலங்கா ரெலிகொம் 9329, டயலொக் 18001. ஒவ்வோர் அமைப்பும் "இந்த முகவரித் தொகுதி என் வழியாகக் கிடைக்கும், இடையில் இன்னின்ன எண்கள் வரும்" என்று அறிவிக்கும். அந்த வரிசையில் தன் எண்ணைக் காணும் ரவுட்டர் அறிவிப்பைத் தள்ளிவிடுவதால், காலி வீதியில் கண்ட சுழல் இங்கு எழுவதில்லை. ஆனால் வழிகளை ஒப்பிடும்போது முதலில் பார்க்கப்படுவது நிர்வாகம் வகுத்த முன்னுரிமை. வரிசையின் நீளம் அதற்குப் பின்னரே. பணம் தரும் வாடிக்கையாளர் வழியாகப் போகுமானால் அது முதன்மை, பணம் கொடுத்து வாங்கும் மேல்வழங்குநரின் வழி கடைசி என்பதே வழக்கமான வரிசை.

பிஜிபி அடிப்படையில் சொன்னதை நம்பும் நெறிமுறை. 2008 பெப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் ரெலிகொம், யூடியூபை உள்நாட்டில் தடுப்பதற்காக 208.65.153.0/24 என்ற தொகுதிக்கு ஒரு வழியை உருவாக்கியது. அந்த அறிவிப்பு ஹொங்கொங்கைச் சேர்ந்த மேல்வழங்குநரூடாக வெளியுலகுக்குக் கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது பெரிய /22 தொகுதி. குறிப்பாகச் சொல்பவனின் சொல்லே செல்லும் என்பதால் உலகின் யூடியூப் போக்குவரத்தில் பெரும்பகுதி பாகிஸ்தானை நோக்கித் திரும்பியது. நிலைமை சீராக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. ஒரு தொகுதியை அறிவிக்கும் உரிமை எந்த அமைப்புக்கு உண்டு என்பதை உரிமையாளர் மின்கையொப்பமிட்டுப் பதியும் முறை இப்போது உள்ளது. ஆசிய பசிபிக் பகுதிக்கு, அங்கு ஐபி முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் ஏப்நிக் நிறுவனம் அந்தச் சான்றுகளை வழங்குகிறது. எனினும், அது தொடக்கப் புள்ளியை மட்டுமே சரிபார்க்கிறது. இடையிலுள்ள வரிசை பொய்யாக இருந்தால் அதற்குத் தெரியாது.

பிஜிபிக்குத் தெரியாத இன்னொன்று தூரம். கல்கிசையிலும் மாத்தறையிலும் கரையேறும் கடலடிக் கேபிள்களின் நீளம் அதன் கணக்கில் இல்லை. வெள்ளவத்தையில் அடுத்தடுத்த வீட்டார் இருவர் வெவ்வேறு வழங்குநரைப் பயன்படுத்துகிறார்கள் என்போம். அந்த வழங்குநர்கள் நாட்டுக்குள் நேரடியாகவோ இணையப் பரிமாற்ற நிலையமொன்றிலோ இணைந்திராவிட்டால், ஒரு வீட்டிலிருந்து மதிலுக்கு அப்பாலுள்ள வீட்டுக்குப் போகும் பொதி சிங்கப்பூர் வரை சென்று திரும்ப நேரிடலாம். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 200,000 கிலோமீற்றர் வேகத்தில் செல்வதால், கேள்வியும் பதிலும் தலா ஒருமுறை சிங்கப்பூர் போய்த் திரும்ப, சேர்ந்து குறைந்தது 54 மில்லிசெக்கனை எடுக்கும். உள்ளூரில் இணைந்திருந்தால் ஓரிரு மில்லிசெக்கனில் முடியும் வேலை அது. எந்த நெறிமுறையாலும் இதைத் திருத்த முடியாது. இரு நிறுவனங்களும் கொழும்பில் ஒரு கேபிளை இழுத்து, வழிகளைப் பரிமாறிக்கொள்ள உடன்பட வேண்டும்.