முன்பக்கத்தில் 'டொக்' சத்தம்: பாகத்தை மாற்றும் முன் ஆட்டத்தைத் தேடுங்கள்

போன மாதம் ஒருவர் தன்னுடைய 12 வருடப் பழைய காரைக் கொண்டுவந்தார். "அண்ணே, ஷாக் அப்சார்பர் ரெண்டும் புதுசு. லிங்க் ராடும் மாத்தியாச்சு. லோயர் ஆர்ம் புஷ் போட்டு எட்டு மாசம்தான் ஆகுது. இன்னும் டொக்குன்னு சத்தம் போகல" என்றார். (லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை; புஷ் அதன் மூட்டில் இருக்கும் ரப்பர்.) சத்தம் எப்போது வருகிறது என்று கேட்டேன். "வலது பக்கம்" என்றார்.

பெரும்பாலும் இப்படித்தான். எப்போது என்று கேட்டால் எங்கே என்று பதில் வரும். காரின் உடம்பு முழுக்கத் தகரம்; ஒரு மூலையில் தட்டினால் இன்னொரு மூலையில் கேட்கும். அதனால் சத்தம் கேட்கிற இடத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அது வருகிற நேரம்தான் துப்பு.

மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடுபள்ளத்துக்கெல்லாம் லொட லொட என்று வந்தால் முதலில் ஸ்டெபிலைசர் பாரை, அதாவது வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் கம்பியை, சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடையும், அந்தப் பாரைப் பிடித்திருக்கும் புஷ்ஷையும் பார்ப்பேன். வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டங் என்று ஸ்பிரிங் துள்ளுகிறதா? ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண், அதன் மேலே இருக்கும் மவுண்ட் பேரிங் இறுகியிருக்கும். வெளியிலிருந்து ஸ்பிரிங் மேல் உள்ளங்கையை வைத்தபடி வேறொருவரைத் திருப்பச் சொன்னால் அந்தத் துள்ளல் கையிலேயே தெரியும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது டக டக டக என்று வருவது சஸ்பென்ஷனே இல்லை, இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டான சி.வி. ஜாயிண்ட். குலுங்கும் ரோட்டில் பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் நின்றுவிட்டால் பிரேக் பேடோ அதை அழுத்தும் காலிப்பரோ ஆடுகிறது. அதற்குப் போய் ஷாக் அப்சார்பரை மாற்றிவிடாதீர்கள்.

லிங்க் ராடு விஷயத்தில் ஒன்று. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு லிங்க் ராடை ஆட்டிப் பார்ப்பவர்கள் நிறைய. அப்போது பார் முறுக்கிக்கொண்டு லிங்கை இழுத்துப் பிடித்திருக்கும். தேய்ந்துபோன ஜாயிண்டும் கெட்டியாக இருப்பதுபோலத் தெரியும். இரண்டு முன் சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது பிடித்து ஆட்டினால்தான் உண்மை தெரியும்.

பிரேக்கைத் தவிர மற்றதெல்லாம் இன்று இல்லாவிட்டால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். லோயர் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் அப்படியில்லை. அது கழன்றால் ஓடுகிற வண்டியில் சக்கரம் மடிந்து விழும், ஸ்டீயரிங் கையில் நிற்காது. ஸ்ட்ரட் வைத்த வண்டி என்றால் பாடியில் முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். டயரை மேலும் கீழும், அதாவது கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங்; நிற்கவில்லை என்றால் பால் ஜாயிண்டைச் சந்தேகப்படுங்கள். 3, 9 இடங்களில் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட் பக்கம் போங்கள். பால் ஜாயிண்டின் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருந்தால், இன்னும் ஆட்டம் வரவில்லை என்றாலும் தண்ணீரும் மணலும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஆட்டம் வந்துவிட்டதா, அந்த வண்டியை அப்படியே ரோட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வராது.

சரி, அந்த 12 வருட வண்டிக்கு வருகிறேன். ஓட்டிப் பார்த்தேன். மேட்டில் ஏறினால் சத்தமே இல்லை. பிரேக் பிடித்ததும் ஒரு டொக், விட்டுக் கிளம்பினால் இன்னொரு டொக். முன்னும் பின்னும் ஏதோ நகர்கிறது என்று அர்த்தம். ராம்ப்பில் ஏற்றி வலது லோயர் ஆர்முக்கும் பிரேமுக்கும் நடுவே கம்பியைக் கொடுத்து நெம்பினேன். எட்டு மாதப் புஷ்ஷின் ரப்பர் வாயைப் பிளந்தது. பிளவில் ஒரு நாணயத்தைச் செருகிவிடலாம்.

புஷ்ஷை மாத்திரம் குறை சொல்ல முடியாது, மாட்டிய விதத்தையும் பார்க்க வேண்டும். இந்த வகை ரப்பர் புஷ்ஷில் போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்ள வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கிய நிமிடமே ரப்பர் முறுக்கேறி நிற்கும். அப்புறம் ஒவ்வொரு பள்ளமும் அதைக் கிழிக்கும். முன்பு புஷ் மாற்றிய இடத்தில் அப்படித்தான் இறுக்கினார்களாம். வண்டிக்காரர் பக்கத்திலேயே நின்று பார்த்ததாகச் சொன்னார். மேலே இருக்கும்போது போல்ட்டைக் கையிறுக்கமாக மட்டும் விட வேண்டும். சக்கரம் வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் டார்க் ரென்ச்சால் குறிப்பிட்ட அளவுக்கு முடுக்க வேண்டும்.

கிறீச் சத்தத்துக்காக டீசலோ இன்ஜின் ஆயிலோ அடிப்பதையும் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் சத்தம் அடங்கும், பிறகு ரப்பர் ஊறிக் கொழகொழத்துப்போகும். ரப்பருக்கு சிலிக்கான் கிரீஸ்தான்.

வலது, இடது இரண்டு புஷ்ஷும் புதிதாகப் போட்டு, வண்டியைத் தரையில் நிறுத்தி இறுக்கி, வீல் அலைன்மென்ட்டும் பார்த்துக் கொடுத்தேன். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டு நான்கு முறை ஓட்டிப் பார்த்தார். டொக் இல்லை. முன்பு மாற்றிய ஷாக் அப்சார்பர், லிங்க் ராடு எதையும் நான் தொடவே இல்லை.