ஒரே பிரதியில் ஊரெல்லாம் தேர்

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லை டவுன் ரத வீதிகளில் நிற்க இடம் கிடைக்காது. வர முடியாதவர்கள் அம்பாசமுத்திரத்திலும் களக்காட்டிலும் வீட்டு டிவியில் பார்ப்பார்கள். கேபிள்காரர் ஃபைபர் வழியாக ஐபிடிவி (இணைய முறையில் வரும் டிவி) கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் தேவை. ஆயிரம் வீட்டுக்கும் தனித்தனியாக அனுப்பினால் கண்ட்ரோல் ரூமிலிருந்து 5 ஜிகாபிட் கிளம்ப வேண்டும். அத்தனையும் ஒரே படம்! ஒரே பிரதியை வழியில் நகலெடுத்துப் பலருக்கும் கொடுக்கும் மல்டிகாஸ்ட் முறையில் அந்த 5 மெகாபிட்டே போதும்.

சர்வர் எந்த வீட்டு முகவரிக்கும் படத்தை அனுப்புவதில்லை. 239.1.1.5 போன்ற ஒரு குழு முகவரிக்கு ஒரே ஒரு முறை அனுப்புகிறது. 224 முதல் 239 வரையிலான எண்ணில் தொடங்கும் ஐபி முகவரிகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. யார் பார்க்கிறார்கள், எத்தனை பேர் என்பது சர்வருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஸ்டீவ் டீரிங் 1989இல் ஆர்எஃப்சி 1112 என்ற இணைய விதிமுறை ஆவணத்தில் எழுதிவைத்த இந்த ஏற்பாட்டின் பலமே அதுதான்.

கேட்டு வாங்குவது பார்ப்பவர் பொறுப்பு. களக்காட்டில் ரிமோட்டை அமுக்கியதும், 'இந்தக் குழுவில் என்னையும் சேர்த்துக்கொள்' என்று செட்டாப் பாக்ஸ் ஐஜிஎம்பி நெறிமுறையில் பக்கத்து ரவுட்டரிடம் சொல்லும். படம் ஏற்கெனவே அங்கே வந்துகொண்டிருந்தால் சரி, ஒரு நகல் கிடைத்துவிடும். இல்லையென்றால் அந்த ரவுட்டர் பிம் நெறிமுறையில் மேலே இருக்கும் ரவுட்டரிடம் கேட்கும். அது தனக்கு மேலே உள்ளதிடம் கேட்கும். தாமிரபரணிக் கால்வாயில் மடை திறப்பது போலத்தான். ஆனால் தண்ணீர் பிரியப் பிரியக் குறையும். இங்கே ஒவ்வொரு கிளைக்கும் முழுப் படமும் போகும்.

பார்ப்பவர் சொல்லாமல் டிவியை அணைத்துவிட்டால்? அதற்காக ரவுட்டர் வழக்கமாக 125 நொடிக்கு ஒருமுறை 'யாராவது இருக்கிறீர்களா?' என்று கேட்கும். எல்லாரும் ஒரே சமயத்தில் பதில் சொன்னால் நெரிசலாகிவிடும். ஐஜிஎம்பியின் முதல் இரண்டு பதிப்புகளிலும் இதற்கு இருந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு பெட்டியும் 10 நொடிக்குள் ஏதோ ஒரு நேரத்தைத் தானே குலுக்கிப்போட்டு எடுத்துக் காத்திருக்கும். அதற்குள் அதே குழுவுக்கு வேறொரு பெட்டியின் பதில் காதில் விழுந்தால் பேசாமல் இருந்துவிடும். ஒருவர் கேட்டாலே படம் வரும், பிறகு எதற்கு ஆயிரம் பதில்? எந்த போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) யார் கேட்டார்கள் என்று, வீடுகளுக்கு இணைப்பைப் பிரித்துக்கொடுக்கும் ஸ்விட்சுகளும் கவனிக்கத் தொடங்கியபின், எல்லாருடைய பதிலும் தேவைப்பட்டது. 2002இல் வந்த 3ஆம் பதிப்பு அந்த மௌனத்தை எடுத்துவிட்டது.

பாக்கெட்டுகள், அதாவது படத்தைச் சுமந்து வரும் தகவல் துண்டுகள், சுற்றிச் சுற்றி வராமலிருக்க ஒரு காவலும் உண்டு. சர்வருக்குத் திரும்பிப்போக எந்த வழியைப் பயன்படுத்துமோ, அந்த வழியாக வந்த பாக்கெட்டை மட்டுமே ரவுட்டர் ஏற்கும்.

இவ்வளவு சிக்கனமான முறை பொது இணையத்தில் பரவவில்லை. வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் ஒவ்வொரு குழுவையும் நினைவில் வைக்க வேண்டும். பல நிறுவனங்களின் வலைகளைக் கடக்கும்போது அந்தச் சுமையை யார் ஏற்பது, யாரிடம் காசு வாங்குவது என்பது தீரவில்லை. அதனால் யூடியூப் நேரலை பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதியே அனுப்புகிறது. தூரத்தைக் குறைக்க மட்டும் ஊர் ஊராகச் சர்வர் வைத்துக்கொள்கிறது.